மேனேஜ் பண்ணிரலாம்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்றால் யாரும் மேசை, நாற்காலியை நினைப்பதில்லை. குச்சியில் மருந்து முக்கி, காயவைத்து, பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலைக்குத்தான் அந்தப் பெயர். விஜயராஜ் அண்ணாச்சியின் ஆபீஸில் சுதாராணி ஏழு வருடம் பெட்டி அடைத்தாள். பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டே, அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலமும் படித்து முடித்தாள். ஒருநாள் அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மறுநாளே கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்துவிட்டார். வெளிநாட்டுக்குப் போகும் தபால் எல்லாம் அன்றிலிருந்து அவள் பொறுப்பு.

எழுதுவாள், பேசத்தான் வராது. வெளிநாட்டு போன் வந்தால், ‘தயவுசெய்து மெயில் அனுப்புங்கள்’ என்று மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒற்றை வரியை ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவாள்.

அண்ணாச்சி நல்ல மனிதர். எதற்கும் பதறமாட்டார். அட்டை வரவில்லையா, ஆள் வரவில்லையா, கரண்ட் போய்விட்டதா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: “மேனேஜ் பண்ணிரலாம்.” அவர் மகள் கல்யாணத்தில் மூன்றாவது பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனபோதும் அதையேதான் சொன்னார். கடைசியில் ரசத்தை வைத்து மேனேஜ் பண்ணியும்விட்டார்கள். அந்தச் சொல் ஆபீஸ் முழுக்கத் தொற்றிக்கொண்டது. சுதாராணிக்கும்தான்.

போன ஐப்பசியில் தான்சானியாவிலிருந்து நீமா என்ற பெண் வியாபாரி இரண்டு கண்டெய்னர் தீப்பெட்டி கேட்டிருந்தாள். இரண்டும் இருபதாம் தேதிக்குள் தூத்துக்குடிக்குப் போய்ச் சேரவேண்டும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. குச்சியில் முக்கியிருந்த மருந்து காயவே இல்லை. உரசினால் பெட்டியில் பசைபோல ஒட்டிக்கொண்டு வந்தது.

வீட்டிலோ கதையே வேறு. அவள் கணவன் முத்துசெல்வம் மூன்று ஏக்கரில் உளுந்து விதைத்திருந்தான். கரிசல் மண் தண்ணீரைக் குடித்து உப்பிக் கிடந்தது. அவன் தினம் காலையில் புஞ்சையைப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாய் வருவான். ஒருநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் வானத்தைப் பார்த்து முணுமுணுத்தாள்.

“ஏட்டி, மழையத் திட்டாத. பயிரு காதுல விழுந்தா வாடிப்போவும்” என்றான்.

பதினான்காம் தேதி நீமாவிடமிருந்து மெயில் வந்தது. இருபதுக்குள் முடியுமா என்று கேட்டிருந்தாள். அண்ணாச்சி வழக்கமான பதிலைச் சொன்னார். சுதாராணியும் ‘வீ வில் மேனேஜ்’ என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் பதில் வந்திருந்தது. தயாராக இருப்பதை மட்டும் ஏற்றினால் போதும், மீதியை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டே வரி.

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. “முடியும்னுதானம்மா எழுதுனோம்? அவிய ஏன் முடியாதுன்னு நினைக்காவ?”

சுதாராணி அகராதியை எடுத்தாள். மேனேஜ் என்பதற்கு, ‘கடினமான ஒன்றை எப்படியோ செய்து முடித்தல்’ என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தாள்.

“செஞ்சு முடிக்கிறதும் இருக்கு அண்ணாச்சி, கஷ்டமும் இருக்கு. நாம முடிக்கிறத நினைச்சு எழுதுனோம். அவிய கஷ்டத்தப் பிடிச்சுக்கிட்டாவ.”

போன் போட்டுப் பேசிவிடு என்றார் அண்ணாச்சி. பேசுவதென்றால் என்ன சொல்வது? உண்மையில் எவ்வளவு சரக்கு தயாராகும் என்பதே அவளுக்குத் தெரியாது. நேரே குச்சி காயவைக்கும் கொட்டகைக்குப் போய் போர்மேன் பாண்டிராஜிடம் கேட்டாள். அவரும் மேனேஜ் பண்ணிரலாம் என்றார்.

“அது வேண்டாம்ணே. எத்தனை பண்டல் காஞ்சிருக்கு? எண்ணிச் சொல்லுங்க.”

பாண்டிராஜ் முறைத்தார். பிறகு போய் எண்ணிவிட்டு வந்தார். ஒரு கண்டெய்னர் தேறும். இன்னொன்றுக்கு, வெயில் அடித்தாலும் இருபத்தெட்டு ஆகிவிடும் என்றார். இத்தனை நாளும் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்குப் போன் போட்டாள். நீமா எடுத்ததும் அந்தத் தாள் ஒன்றுக்கும் உதவவில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு. ஆனால் நீமாவின் ஆங்கிலமும் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. வார்த்தை கிடைக்காத இடத்தில் அவளும் ‘அது, அது’ என்று நின்றாள். அதைக் கேட்டதும் சுதாராணிக்கு மூச்சு சீரானது.

இதற்கு முன்னால் நீமாவுக்குச் சரக்கு அனுப்பிய வேறொருவர் மூன்று தடவை மேனேஜ் என்று எழுதினாராம். இரண்டு மாதம் கழித்துத்தான் சரக்கு வந்ததாம். அந்தச் சொல்லைப் பார்த்தாலே தனக்குப் பயம் என்றாள் நீமா.

எதிரே அண்ணாச்சி, எல்லாம் முடியும் என்று சொல்லு என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சுதாராணி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்று இருபதாம் தேதி, இன்னொன்று இருபத்தெட்டு. இங்கே மழை, மருந்து காயவில்லை என்று உள்ளதை அப்படியே சொன்னாள். இருபத்தெட்டு நிச்சயமா என்று நீமா கேட்டாள். நிச்சயம் என்றாள் இவள். சரி என்றாள் நீமா.

போனை வைத்தபோது சுதாராணியின் ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது. அண்ணாச்சி கோபப்படவில்லை, பெரிய ஆளாயிட்ட தாயி என்று மட்டும் சொன்னார்.

முதல் கண்டெய்னர் சொன்ன நாளில் போனது. இருபத்திரண்டாம் தேதி வெயில் வந்தது. பாண்டிராஜ் தினமும் சாயங்காலம் தானே வந்து, காய்ந்த பண்டலின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது லாரி இருபத்தேழாம் தேதியே கிளம்பிவிட்டது.

தை மாதம் நீமா நான்கு கண்டெய்னர் கேட்டாள். அடுத்த மழைக்கு என்ன செய்வது என்று சுதாராணியும் பாண்டிராஜும் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வருடம் குச்சி காயவைக்கவென்றே தனி அறை கட்டி, சூடான காற்று வரும் மெஷின் வைத்தாயிற்று. பூஜை அன்று லேசாகத் தூறல். சுவிட்சைப் போடச் சொல்லி அண்ணாச்சி சுதாராணியைத்தான் கூப்பிட்டார். வெதுவெதுவென்று காற்று வந்ததும், நனைந்துபோய் வந்திருந்த பெண்கள் எல்லோரும் முந்தானையை விரித்துக்கொண்டு மெஷின் முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

“குச்சிக்கும் கொஞ்சம் விடுங்கம்மா” என்றார் அண்ணாச்சி.