பேய்ப் படத்தில் ஓடிய மணிக்கூடு

பேயின் கழுத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

சீனிப் பாகில் சிவப்புக் கலரிங் கலந்து காய்ச்சிய இரத்தம் அது. பகலை இரவாக்குவதற்காக ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புப் பொலித்தீன் ஒட்டியிருந்தோம். உள்ளே ஒரே வெக்கை... சூடேறிய பொலித்தீன் மணம், பவுடர் மணம், பாகின் இனிப்பு.

“அண்ணை, கெதியா எடுங்கோ. பேய்க்குக் கடிக்குது!” என்று கத்தினார் பேயாக நடித்த நிலானி அக்கா.

நான் அப்போது ஒன்பதாம் ஆண்டு. இப்போது உயர்தரம். பெரியம்மாவின் மகன் சுதன் அண்ணை கலியாண வீடியோ எடுப்பவர். அந்த ஓகஸ்ட் விடுமுறையில், உரும்பிராயில் பூட்டிக் கிடந்த வீடொன்றில் யூரியூப்புக்கென்று ஒரு பேய்ப் படம் எடுத்தார்.

வீட்டுக்காரரான கமலா ரீச்சர் கனடாவில். பின்பக்க அறையில் தங்கி வீட்டைப் பார்த்துக்கொண்டவர் செல்வி அக்கா. காலையில் எங்களுக்குச் சாவியைத் தந்துவிட்டு மருதனார்மடத்துத் தையல் கடைக்குப் போய்விடுவார். மாலையில்தான் திரும்புவார்.

“நீதானே எந்நேரமும் புத்தகமும் பேனையுமாத் திரியிறனி. எந்தச் சாமான் எங்கை இருந்ததெண்டு எழுது” என்று சுதன் அண்ணை ஒரு கொப்பியை என்னிடம் தந்தார்.

எழுதினேன். கதிரை, சுவரைப் பார்த்தபடி. சுவரில் தொங்கும் குடும்பப் படம், தலைகீழாக. மணிக்கூடு, மூன்று மணியில் நிற்கிறது. எங்கள் கதையில் பேய் வரும் நேரம் அது.

“ஒண்டையும் தொடாதேங்கோ. நாளைக்கும் இதே சீன்தான்” என்று சொல்லிப் பூட்டினார் அண்ணை.

மறுநாள் காலை திறந்தால்... கதிரை ஜன்னலைப் பார்த்திருந்தது. படம் நிமிர்ந்திருந்தது. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

நிலானி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். சுதன் அண்ணைக்கோ வாயெல்லாம் பல்.

“இதையும் எடுப்பம். ‘உண்மைச் சம்பவம்’ எண்டு போட்டால் சனம் விழுந்து விழுந்து பார்க்கும்!”

அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் அவரைச் சந்தேகித்தேன். பிறகு நிலானி அக்காவை... நடுங்கினார்தான். ஆனால் நடிகை அல்லவா?

எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தோம். அடுத்த நாளும் அதேதான். அன்றைக்கு இன்னொன்றையும் கண்டேன். சாமியறையில் புதிதாய் ஒரு செவ்வரத்தம்பூ.

பேய் சாமிக்குப் பூ வைக்குமா?

அன்று மாலை, பேயின் முகப் பவுடரில் கொஞ்சத்தைக் பின்பக்கக் குசினிக் கதவடியில் தூவினேன். கொப்பியை வேண்டுமென்றே மேசையில் விட்டுவிட்டு எல்லோருடனும் புறப்பட்டேன். பாதி வழியில், “ஐயோ, கொப்பி!” என்று சைக்கிளைத் திருப்பினேன்.

ஆறு மணியிருக்கும். வீட்டுக்குள் யாரோ கதைக்கும் சத்தம். குசினிக் கதவு திறந்திருந்தது. பவுடரில் செருப்புத் தடம்.

உள்ளே செல்வி அக்கா. கையில் போன். அதைக் கறுப்பு ஒட்டிய ஜன்னல்கள் படாமல் ஒவ்வொரு பக்கமாகக் காட்டியபடி நடந்துகொண்டிருந்தார்.

“செல்வி, மணிக்கூட்டைக் காட்டும்.” போனுக்குள் இருந்து ஒரு குரல்.

“ஓம் ரீச்சர், ஓடுது.”

“என்ரை மனுசன்ரை கதிரை?”

“ஜன்னலடியிலதான், ரீச்சர். நீங்கள் விட்டபடிதான்.”

போனை வைத்த பிறகுதான் என்னைக் கண்டார். முகம் வெளிறிவிட்டது.

“தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. ரீச்சர் ஒவ்வொரு நாளும் இந்நேரம் வீட்டைப் பார்க்கிறவ. கலியாண அல்பத்துக்கெண்டு உங்கடை அண்ணை கேட்டதால அவவுக்குச் சொல்லாமலே விட்டனான்.” பிறகு, “கலியாண அல்பத்துக்கு ஏன் பிள்ளை ஜன்னலெல்லாம் கறுப்பு ஒட்டினவை?” என்றார்.

அவரும் எங்களைச் சந்தேகித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“அது பேய்ப் படம், அக்கா.”

அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். “யூரியூப்பில ரீச்சர் பார்த்தால்? வெளியில போ எண்டால் நான் எங்கை போறது?”

“அவ பார்க்க முன்னம் நீங்களே சொல்லுங்கோ அக்கா. நானும் நிக்கிறன்.”

ரீச்சரைத் திரும்ப அழைத்தார். பாதியை அவர் சொன்னார், மீதியை நான் சொன்னேன்.

“பேய் எந்த அறையில, பிள்ளை?” என்றார் ரீச்சர்.

“ஹோலில மட்டும், ரீச்சர். சாமியறைக்கு வராது.”

“ம்... போன மாதம் பக்கத்து வளவில தண்ணி மோட்டரைக் களவெடுத்துப்போட்டாங்கள். பேய் இருக்கெண்டால் கள்ளராவது பயப்பிடுவாங்கள்.” நாங்கள் மூச்சு விட்டோம். உடனே குரல் மாறியது. “ஆனால் செல்வி... நீர் ஏன் எனக்கு மறைச்சனீர்?”

செல்வி அக்காவை வெளியேறச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அலுமாரிக் கதவுகளையும் திறந்து காட்டச் சொன்னாராம்.

சுதன் அண்ணை ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “அந்த வீட்டில இருந்த ஒரே பேய் நீதானடி. சந்தேகப் பேய்!” என்றார். ‘உண்மைச் சம்பவம்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டுப் படத்தைப் போட்டார்.

படம் இன்னும் யூரியூப்பில் கிடக்கிறது. ஒரு காட்சியில் மணிக்கூடு மூன்றைக் காட்டும், அடுத்ததில் பதினொன்று ஐந்து. ‘இது எடிற்றிங் இல்லை, உண்மையான பேய்’ என்று இப்போதும் யாராவது கீழே எழுதுகிறார்கள். அந்தப் பேய் செல்வி அக்காதான். எழுதச் சொல்லி அவரே சிரித்தபடி அனுமதி தந்ததால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் அந்த வீடு விற்கப்பட்டு, இடிக்கப்பட்டது. இப்போது அங்கே கறுப்புக் கண்ணாடி போட்ட மாடி வீடு. பொலித்தீன் ஒட்டத் தேவையே இல்லை. செல்வி அக்கா மருதனார்மடத்தில் தங்கையோடு இருக்கிறார். காட்டுவதற்கு வீடு இல்லாவிட்டாலும் ரீச்சர் இன்னும் ஆறு மணிக்கு அழைக்கிறாராம்.

அதற்கு முதல் எங்கள் படத்தைப் போடுவாராம். கேற்றிலிருந்து கமரா மெதுவாக உள்ளே போகும்... விறாந்தை, ஹோல், மணிக்கூடு, கதிரை...

பேய் வருமுன் நிறுத்திவிடுவாராம். அடுத்த நாள் மறுபடி கேற்றிலிருந்து.