அம்மா வீட்டில் மட்டும் நின்ற இருமல்

என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது இது. கல்வராயன் மலையில் பிறந்த என்னை, கூலி வேலைக்காக மலையிறங்கி வடக்கனந்தல் பக்கம் குடியேறிய சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரே அறை கொண்ட காங்கிரீட் வீடு. மழை பெய்தால் ஓதம் இறங்கி, நான் தலைவைத்துப் படுக்கும் பக்கத்துச் சுவர் கறுத்துப் போகும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அடுத்த மழைக்குக் கறுப்பு மறுபடியும் எட்டிப் பார்க்கும். வீடென்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

பிள்ளை பெற்று வந்த பிறகு எனக்கு இருமல் பிடித்தது. சாயங்காலமானால் காய்ச்சல், இரைப்பு. சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று மாமியார் ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்து, என்னை உள்ளேயே படுக்க வைத்தார். பாவம், அக்கறையாகத்தான் செய்தார். இருமல்தான் ஜாஸ்தியானது.

வேடிக்கை என்னவென்றால், மலைக்கு அம்மா வீட்டுக்குப் போனால் சில நாளிலேயே இருமல் போன இடம் தெரியாது. சாமைக் கொல்லையில் களைகூட எடுப்பேன். திரும்பி வந்தால் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடும். ஊர் வாய் சும்மா இருக்குமா?

“புருஷன் வூட்டுக்கு வந்தா இருமல், அம்மா வூட்டுக்குப் போனா கும்மாளம். இன்னா நடிப்பு நடிக்கிறா பாரு!” என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதுபடவே சொன்னாள். கேட்டுக் கேட்டு, எனக்குத்தான் இந்த வீடு பிடிக்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருமுறை பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இனிமே அடிக்கடி வராதம்மா. உனக்குக் குடும்பம் நடத்தத் தெரியலன்னு பேசிக்கிறாங்க. அடக்கிக்கினு இரு.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. செத்தாலும் இனி மலையேற மாட்டேன் என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்கப் போகவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் கண் இருட்டியது. அப்போதுதான் அப்பா கொல்லையில் மயங்கி விழுந்து இறந்துபோன செய்தி வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க முடியாத என்னைக் கணவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.

காரியம் முடியும்வரை அங்கேயே இருந்தேன். அழுது அழுது தொண்டை கட்டியது. மூச்சு மட்டும் தெளிந்துகொண்டே வந்தது. அதுவே எனக்கு அவமானமாக இருந்தது.

கணவர் அதைக் கவனித்திருக்கிறார். “அப்பன் செத்த வூட்ல எவளும் நடிக்க மாட்டா. வா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், “எங்க போனா நல்லா இருக்கும்மா?” என்று கேட்டார். கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுச் சுவரைப் பற்றி விசாரித்தார். அதில் படிந்த பூஞ்சை மூச்சோடு உள்ளே போய், என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலைக் கெடுத்திருக்கிறதாம். இடம் மாறினால் குணமாவதே இந்த நோயின் அடையாளம் என்றார். “அந்த வீட்டை விட்டாத்தான் மருந்தும் கேக்கும்.”

அதே வாரம் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிபோனோம். இருமல் நின்றது. நுரையீரலில் தழும்பான இடம் மட்டும் இனி சரியாகாது என்றார்கள். மேடு ஏறினால் இன்றும் மூச்சு வாங்குகிறது. அதுகூடப் பரவாயில்லை. வாழத் தெரியாத பெண்ணைப் பெற்றுவிட்டோம் என்ற நினைப்போடு அப்பா போய்விட்டாரே, “எனக்கு நோய்தான்ப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வருத்தம்தான் இன்றுவரை என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.