ஐந்து மூடிகளும் ஒரு சீட்டும்

பஸ்ஸில் யாராவது "எனக்கு" என்று ஆரம்பித்தால் போதும், சீட்டக்காவின் கை பைக்குள் போய்விடும். அடுத்த சொல் வருவதற்குள் உள்ளங்கை அகலத்தில் வெட்டிய ஒரு வெள்ளைச் சீட்டும், கொண்டையில் செருகியிருந்த பென்சிலும் தயாராகிவிடும். பேசுகிறவர் முகத்தை அவர் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். ஒரு முறை லிஃப்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக, இறங்கவேண்டிய இரண்டாவது மாடியை விட்டுவிட்டு ஒன்பதாவது மாடி வரை போய், மூன்று சீட்டுகளோடு படியிறங்கி வந்தார். "நல்ல சண்டைம்மா. பாதியில விட மனசு வரல" என்றார் என்னிடம்.

எங்கள் அலுவலகத்தில் பதினோரு வருடமாக ஓர் அகராதி தயாராகிறது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்வது. எடுத்துக்காட்டு வாக்கியங்களை உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதக் கூடாது, யாராவது நிஜமாகச் சொன்னதாக இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். சீட்டின் மேலே தேதி, நடுவில் வாக்கியம், கீழே சொன்னவர் யார், எங்கே சொன்னார். அந்த வேலை சீட்டக்காவுடையது. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, தம்பி வீட்டில் இருக்கிறார். பக்கத்து மேஜையில் அமர்ந்து அந்தச் சீட்டுகளைத் தட்டச்சு செய்கிறவள் நான். சீட்டுகள் எல்லாம் செருப்புப் பெட்டிகளில் கிடக்கும். மேஜையில் இடம் போதாமல் எதிர் நாற்காலியிலும் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். அவரைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் நின்றபடிதான் பேசவேண்டும்.

அப்படி நின்று பேசியே கால் வலித்தவர் மெய்ப்பு சார். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிறவர், அதனால் அந்தப் பெயர். மனைவி இறந்து ஏழு வருடமாகிறது. ஒரே மகன் வேறு ஊரில். நாலு மணிக்கு வராந்தாவில் இருக்கும் இயந்திரத்தில் தனக்கு டீ பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு? காப்பியா, டீயா?" என்பார். "எதுவானாலும் சரி" என்பார் அக்கா. அவர் காப்பி கொண்டுவந்து வைப்பார். பதினோரு வருடமாக இதில் ஓர் எழுத்து மாறியதில்லை.

"எதுவானாலும் சரி" என்பது அக்காவின் முத்திரை. மின்விசிறியைக் கூட்டட்டுமா என்றாலும் அதுதான், குறைக்கட்டுமா என்றாலும் அதுதான். தம்பியின் மனைவி ஒரு நாள் என்னிடம் போனில் புலம்பினார்: "அண்ணிகிட்ட என்ன வேணும்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு எது மிச்சமோ, அதுதான் அவங்களுக்குப் பிடிச்சதாம்!"

இப்படிப்பட்டவர் கையில்தான் போன மாதம் 'வான்ட்' வந்து சேர்ந்தது. ஆசையைச் சொல்ல ஆங்கிலத்தில் எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல். அரை நாள் வேலை என்று நினைத்தோம். பிரித்துப் பார்த்தால் ஐந்து பொருள். அக்கா ஐந்து பிஸ்கட் டப்பா மூடிகளை வரிசையாக வைத்தார். முதல் மூடி ஆசை: "வேணும்னா வேணும், அவ்வளவுதான்!" சொன்னவர் தம்பி மகள், ஆறு வயது, கடை வாசல். இரண்டாவது தேவை: "இந்தச் சுவரு ஒரு கை பெயின்ட் கேக்குது." கட்டட மேஸ்திரி. மூன்றாவது இல்லாமை, வறுமை. நாலாவது, போலீஸ் ஆளைத் தேடுவது. ஐந்தாவது புத்திமதி: "நீங்க ஒரு நல்ல டாக்டரைப் பாக்கணும்." பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், யாரும் கேட்காமலே சொன்னது.

அந்த வாரத்தில் ஒரு நாள், காப்பியை வைத்துவிட்டு வழக்கம்போலப் பேச்சைத் தொடங்காமல் மெய்ப்பு சார் சும்மா நின்றார். செருமினார். "டபிள்யூ முடிஞ்சா அப்புறம் மூணு எழுத்துதான். ரெண்டு வாரத்துல எனக்கு இங்க வேலை இல்ல. பையன் அவனோட வந்து இருக்கச் சொல்றான்" என்றார். பிறகு செருப்புப் பெட்டிகளைப் பார்த்தபடி, "வீட்லயும் எதிர்ல நீங்க உக்காந்திருக்கணும்னு இருக்கு எனக்கு" என்றார்.

என் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன. அக்காவின் கை பைக்குள் போனது.

"'உக்காந்திருக்கணும்னு இருக்கு'! அட, இந்த மாதிரி ஒண்ணு நம்ம பெட்டியில இல்லவே இல்ல சார். இன்னொரு தடவ சொல்லுங்க, மெதுவா."

அவர் இன்னொரு தடவை சொன்னார். மெதுவாகவே சொன்னார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அக்கா தேதி போட்டு, இடம் 'என் மேஜை' என்று எழுதி, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிச் சீட்டை முதல் மூடியில் வைத்தார். அவர் கொஞ்ச நேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீயைக் குடிக்காமல் போனார். எனக்கு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் காலை அக்கா ஈரத்தலையோடு, பைகூட இல்லாமல் என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, குளிச்சிட்டிருந்தேன், திடீர்னு தோணுச்சு. மெய்ப்பு சார் அன்னிக்குச் சொன்னாரே, அது என்னையா?"

"பின்ன என்னையாக்கா?"

"சிரிக்காத. நான் அதை எழுதிட்டேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து அந்தச் சீட்டு ஒரு மூடியிலும் தங்கவில்லை. காலையில் ஆசையில் இருக்கும். பதினோரு மணிக்கு, "தனியா இருக்கார், பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் தேவையோ என்னவோ" என்று இரண்டாவதற்குப் போகும். மத்தியானம் இல்லாமைக்கு மாறும். ஒரு நாள் போலீஸ் மூடியில்கூடக் கிடந்தது. கேட்டேன். "தெரியல. எதுல வச்சாலும் ஒரு நிமிஷம் சரியாத்தான் இருக்கு" என்றார். தம்பியிடம் சொன்னீர்களா என்றேன். "சொன்னேன். உனக்கு என்ன வேணுமோ அதைச் செய்யிக்கான்னுட்டான். எல்லாரும் என்கிட்டயே கேட்டா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

மெய்ப்பு சார் மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு மணிக்குக் காப்பி மட்டும் தவறாமல் வந்தது. வருகிற திங்கட்கிழமைக்கு அவர் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டதாக ஒருநாள் செய்தி வந்தது.

அன்று அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பெட்டிகளைக் கிளறினார். 'எனக்கு வேணும்' என்று வருகிற சீட்டுகளில், சொன்னவர் 'நான்' என்று ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். தம்பி, தம்பி மகள், கண்டக்டர், பல் டாக்டர் என்று ஊரே எதையாவது கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் எதிலும் இல்லை.

"நீயே சொல்லு, எனக்கு அவரு வேணுமா?"

"அதை நான் எப்படிக்கா சொல்றது?"

"மத்தவங்க சொன்னா நான் டக்குனு கண்டுபிடிச்சிடுவேன். எனக்குள்ள கேட்டுப் பாத்தா ஒரு சத்தமும் இல்ல. ஆனா திங்கக்கிழமை ரயில்னு கேட்டதுலேர்ந்து கையும் ஓடல, காலும் ஓடல. இதுக்குப் பேர் என்ன?"

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மெய்ப்பு சார் கடைசிப் பக்கங்களோடு வந்தார். காப்பியை வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தச் சீட்டை எடுத்துடலாமா? சரியான இடம் கிடைக்கலைன்னா விட்டுடுறதுதானே நம்ம வழக்கம்" என்றார்.

அக்கா சீட்டைப் பார்க்கவில்லை. காப்பியைப் பார்த்தார்.

"சார், எனக்குக் காப்பி பிடிக்காது."

"பதினோரு வருஷமா குடிச்சீங்களே!"

"குடிச்சேன். பிடிக்காது."

அவர் திகைத்துப்போய் நின்றார். "அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்ததை நான் பார்த்தேன். உதடு திறந்து, அப்படியே நின்று, மூடிக்கொண்டது. அக்கா எழுந்தார். சார் கையிலிருந்த, பாதி குடித்த டீயை வாங்கித் தன் பக்கம் வைத்தார். மேஜையைச் சுற்றி வந்து எதிர் நாற்காலியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். பிறகு இன்னொன்று. உதவிக்கு நீண்ட அவருடைய கையை விலக்கிவிட்டு எல்லாவற்றையும் தானே இறக்கினார். கடைசிப் பெட்டியும் போனதும், நாற்காலியில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார்.