பொதியைப் பிடித்த முகம்

எங்கள் முரசுமோட்டை மாதா கோயிலில் தருமம் மறைவாகத்தான் நடக்கும். அந்த மறைவை எல்லோரும் பார்க்க வசதியாக ஒலிபெருக்கியும், கனடாவில் இருந்து உதவி அனுப்புகிறவரின் முகம் அச்சடித்த துணிப் பனரும் உண்டு. பனரின் ஒரு நுனியைப் பிடிப்பது என் வேலை. ஆட்களுக்கு முன்னால் நிற்க வெட்கப்படுகிற எனக்கு அது நல்ல வேலைதான். உடம்பில் முக்கால்வாசி துணிக்குப் பின்னால் போய்விடும்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், கொடுப்பதை ஊருக்குக் காட்டாதீர்கள் என்று சுவாமியார் அருமையாகப் பிரசங்கம் வைத்தார். பங்குச் சபைத் தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். பூசை முடிந்த கையோடு உலர் உணவுப் பொதிகளை முற்றத்தில் அடுக்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படம் எடுக்கத் தொடங்கினோம். அன்று பின்னேரமே அது முகநூலுக்குப் போய்விடும்.

என் பக்கத்து வளவுக்காரியின் முறை வந்தது. புருசனை இழந்து, ஒரு மகளோடு கூலி வேலை செய்து சீவிக்கிறவா. அவா பொதியைத் தொடவில்லை.

"படம் வேண்டாம் அண்ணை. வாற ஞாயிறு மகளைப் பாக்க மாங்குளத்தில இருந்து ஆக்கள் வருகினம். நிவாரணம் வாங்கிற வீடு எண்டு தெரிஞ்சா பாதி வழியில திரும்பிப் போயிடுவினம்."

"படம் இல்லாட்டி கனடாக்காரர் எப்பிடி நம்புறது?" என்றார் தலைவர்.

"பொதி இல்லாட்டி வாறவைக்குச் சாப்பிட நான் எதை வைக்கிறது?"

தலைவர் சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் மாமரத்தைப் பார்த்தார். அந்த வருடம் அது நன்றாகக் காய்த்திருந்தது.

"பொதியை நான் பிடிக்கிறன்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது என்று கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. தலைவருக்கு மறுப்பில்லை. கனடாவுக்குத் தேவை ஒரு ஏழை முகம். என் சாயம் போன சேட்டும் அதற்கு ஒத்துழைத்தது.

"இன்னும் கொஞ்சம் சோகமா நில்லுங்கோ" என்றார் படம் எடுத்தவர். எனக்குக் கமராவைக் கண்டாலே அழுகை வரும் என்பதால் சோகம் தாராளமாக வந்தது. படத்துக்குக் கீழே, வாழ்வாதாரம் இழந்த குடும்பத் தலைவர் என்று எழுதினார்கள். எனக்கு இரண்டு போகமும் விளைகிற வயல் இருக்கிறது. படத்தைப் பார்த்த தங்கச்சி பிரான்சில் இருந்து போன் எடுத்து, "வயலை வித்துப்போட்டியோ, குடிக்கத் தொடங்கிட்டியோ?" என்று கேட்டாள். பொதியை நான் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, வேலிக்கு மேலால் பக்கத்து வளவுக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, வீட்டில் ஆம்பிளை ஒருவர் இருக்க வேண்டும் என்று அவா என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினா. மாப்பிள்ளையின் தாய் பயற்றம் பணியாரத்தைக் கடித்தபடி என்னையே பார்த்தா. பிறகு போனில் முகநூலைத் தட்டி, பொதியோடு நிற்கிற என் படத்தை நீட்டிக் கேட்டா.

"குறை நினைக்காதேங்கோ. இது நீங்கள்தானே?"

பெண்ணின் தாய் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றுவிட்டா. பொதி யாருக்கு வந்தது என்று நான் சொன்னால் பெண் பார்த்தல் அதோடு முடியும்.

"ஓம், நான்தான். சரியான கஷ்டம்" என்றேன். குனிந்துகொண்டுதான் சொன்னேன். அது இன்னும் உண்மையாகத் தெரிந்திருக்கும்.

"பாவம்" என்று மாப்பிள்ளையின் தாய் தன் பணியாரத்தையும் என் தட்டில் வைத்தா. "இவ்வளவு கஷ்டத்திலயும் அயலுக்கு உதவியா வந்திருக்கிறார்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். அயல் கொடுத்த தேத்தண்ணியை நான் மளமளவென்று குடித்தேன்.

போகும்போது அந்தத் தாய், தாங்கள் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பில் பாதியைப் பிய்த்து என் கையில் திணித்தா.

"வெட்கப்படாதேங்கோ அண்ணை. கலியாணத்தண்டைக்கு மூண்டு நேரமும் எங்கட வீட்டிலதான் சாப்பாடு."

சம்பந்தம் சரிவந்த செய்தி எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.