முள் சொன்ன வெளிச்சம்

என் தம்பியின் காதுகுத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. விருந்தாளி யாராவது ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "காதுகுத்துப் படம் எங்க?" என்று கேட்டால், பெரியப்பா இன்றைக்கும் கூசாமல் அத்தையின் கேமராவைத்தான் குறை சொல்கிறார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி மதுரைக்குப் போனவள், ஒருநாள் மதியப் பஸ்ஸில் ஒரு துணிப்பையோடும் கழுத்தில் தொங்கிய பழைய கேமராவோடும் திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் திரும்பப் போகவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதில் எனக்குச் சந்தோஷம்.

அந்தக் கேமராவில் கண்ணை வைத்தால் ஓரத்தில் ஒரு சின்ன முள் தெரியும். வெளிச்சத்துக்குத் தக்கபடி அது ஏறி இறங்க வேண்டும். அதைப் பார்த்து லென்ஸைச் சுற்றியிருக்கும் நம்பர் வளையத்தைத் திருப்ப வேண்டும். முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. அத்தை அதைச் சட்டை செய்யவில்லை. என்னைக் களத்தில் நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் என் காலடியைப் பார்ப்பாள். நிழல் வெட்டினாற்போல விழுந்தால் ஒரு நம்பர். மேகம் வந்து நிழலின் ஓரம் கலங்கினால் வேறொன்று. நிழலே இல்லையென்றால் இன்னொன்று. எங்கள் ஊர் வெயிலுக்குப் பெரும்பாலும் முதல் நம்பரே போதும். பருத்திச் செடிகளுக்கு நடுவே நான் பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரிக்கும் படம் அப்படி எடுத்ததுதான். செடியில் வெடித்த காய்கூட அதில் தெளிவாகத் தெரியும்.

காதுகுத்துக்கு நாள் குறித்த பிறகுதான் பெரியப்பாவுக்கு அந்த முள் கண்ணை உறுத்தியது. மீட்டர் ஓடாத கேமராவை வைத்து என்னத்தை எடுப்பது என்று சொல்லி, அருப்புக்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் உள்ளே அறுந்து கிடந்த கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தார். முள் ஆடியது. பெரியப்பா தெருவெல்லாம் காட்டினார். நானும் பார்த்துவிட்டுக் குதித்தேன்.

அத்தை குதிக்கவில்லை. முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம், மாட்டுத் தொழுவத்துக்குள் கொஞ்ச நேரம் என்று கேமராவைப் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, முள்ளு ஆடுது. ஆனா தப்பாக் காட்டுது. உச்சி வெயில்ல வச்சாலும் வீட்டுக்குள்ள இருக்குற வெளிச்சந்தான்னு சொல்லுது. இத நம்பி எடுத்தா பிலிமு வெந்துபோகும்."

"ரிப்பேர் பாத்தவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

குலசாமி கோயில் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், பொட்டல் காட்டுக்குள் இருக்கிறது. தாய்மாமன் மடியில் தம்பியை உட்கார வைத்தாயிற்று. ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அத்தை கீழே குனிந்து நிழலைப் பார்த்து, வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். பெரியப்பா எழுந்து வந்து அவள் கழுத்திலிருந்து கேமராவை உருவினார்.

"நல்ல காரியத்துல நீ முன்னால வந்து நிக்காத. அங்கிட்டுப் போயி சமையலப் பாரு. முள்ளுதான் ஓடுதுல்ல, நான் எடுத்துக்கிறேன்."

அப்பா வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார், அதுதான் அவர் செய்தது. நான்தான் கத்தினேன், "அத்தைதான் எடுக்கணும்! ஒங்களுக்கு எடுக்கத் தெரியாது!" அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் மிச்சப் பேச்சு அழுகையாகிவிட்டது. முள் சொன்னபடியெல்லாம் வளையத்தைத் திருகித் திருகிப் பெரியப்பா படம் எடுத்தார். அத்தை அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

ஸ்டுடியோவில் படம் போட்டுத் தரவில்லை. வெளிச்சம் ஏகத்துக்குப் பாய்ந்துவிட்டது, ஒன்றும் தேறாது என்று பிலிமை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். பெரியப்பா அதை நடுவீட்டில் விட்டெறிந்தார்.

"வாழப்போன எடத்துலயே வெளங்காதவ. அவ சாமான் மட்டும் வெளங்குமா?"

"நீங்கதான் கெடுத்தீக! முள்ளு பொய் சொல்லுதுன்னு அத்தை அப்பவே சொன்னாக, நீங்கதான் கேக்கல!" என்றேன். பெரியப்பா கையை ஓங்கினார். அப்போதுதான் அப்பா எழுந்து குறுக்கே வந்தார். வந்து, என்னைத்தான் வெளியே போகச் சொன்னார்.

வாசலில் நின்று கல்லை எத்திக்கொண்டிருந்தேன். அத்தை பிலிமைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிச்சம் கூடிப்போனதில் அது கரேலென்று இருந்தது. அதை விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். அந்தக் கறுப்புக்குள்ளும் உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன. மாமா மடி, தம்பியின் மொட்டைத்தலை, சுற்றி நின்ற சொந்தக்காரர்கள். கண் கூசித் தண்ணீர் வழிய வழிய, ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பார்த்தாள்.

"என்னத்தத் தேடுறீக அத்தை?"

"எங்கயாச்சும் ஓரத்துல நான் இருக்கேனான்னு பாத்தேன்."

இதுகூடவா தெரியாது என்று இருந்தது எனக்கு. பெரிய மனுஷிபோல அவளுக்கு விளக்கினேன்.

"படம் எடுக்குறவுக படத்துல வர மாட்டாகல்ல?"

அத்தை பிலிமைச் சுருட்டினாள். "ஆமா தாயி" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குப் படம் எடுத்தது அவள் இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.