எழுத்து வைக்காத கல்யாணம், இரண்டு நாட்டு மகன்

கடிதம் தாளாக வரவில்லை, படமாக வந்தது. தாய்லாந்தின் வடகிழக்கில், நெல்வயலும் டயர்க்கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன நகரத்தில் என் மனைவியின் அக்கா இருக்கிறா. தன் வீட்டு விலாசத்துக்கு வந்த கடுதாசியைக் கையில் பிடித்தபடியே படமெடுத்து அனுப்பியிருந்தா. ஓரத்தில் அவவின் பெருவிரல். கொழும்பில், வெள்ளவத்தையில், எங்கள் மூன்றாம் மாடிக் குசினியில் அடுப்பருகே நின்று மனைவி அதைப் பெரிதாக்கினாள், சுருக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். கடற்கரைப் பக்கம் ரயில் போனது.

"மகனைக் கூப்பிடுறாங்கள்," என்றாள் பிறகு. "சித்திரையில."

அவள் தாய்லாந்துக்காரி. மகன் பாங்கொக்கில் பிறந்தவன், தாயின் நாட்டுக் குடிமகன். அந்த நாட்டில் இருபத்தொரு வயதாகிற ஆண்பிள்ளைகள் சித்திரையில் தங்கள் குடும்பம் பதிந்திருக்கிற ஊர்க் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, போகவேண்டும். உடம்பைப் பார்ப்பார்கள். பிறகு ஒரு பெட்டிக்குள் கையை விடச் சொல்வார்கள். கறுப்புச் சீட்டு வந்தால் வீட்டுக்கு. சிவப்பு வந்தால் இரண்டு வருடம் ராணுவம். போகாமல் விட்டால் குற்றம்.

யுத்த காலக் கொழும்பில் என் இருபதாம் வயதை நான் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்து வைத்துக் கழித்தவன். சந்திக்குச் சந்தி நிறுத்துவார்கள், இறங்குவேன், கையை உயர்த்துவேன், ஏறுவேன். துவக்குப் பிடித்த கை எந்தப் பக்கத்துக் கையானாலும் எனக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் லண்டனுக்குப் போனேன், படித்தேன், பிரிட்டிஷ்காரன் ஆனேன். அந்தப் பாஸ்போர்ட்டோடு பாங்கொக்கில் வேலை, கல்யாணம், பிள்ளை. பிறகு யுத்தம் முடிந்த ஊருக்கே திரும்பி வந்து இரட்டைக் குடியுரிமை எடுத்தேன். இவ்வளவு சுற்றியது, என் பிள்ளை பெட்டிக்குள் கையை விடவா?

"அவன் துவக்குத் தூக்கமாட்டான்," என்றேன். "அவன் பிரிட்டிஷ்காரன்ர மகன். பாஸ்போர்ட் எடுப்பம். சித்திரைக்கு முதல் எடுப்பம்."

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி. வெள்ளவத்தைச் சந்தையிலும் கோயில் வரிசையிலும் பழகிய தமிழ் அவளுடையது. மீன்காரனைச் சிங்களத்தில் அண்ணா முறையாக 'அய்யே' என்பாள், என்னை 'இஞ்சாருங்கோ' என்பாள், இரண்டும் தாய்லாந்து மொழியின் ராகத்தில் ஏறி இறங்கும். "உங்கட பாஸ்போர்ட் என்ன, குடையா? எல்லா மழைக்கும் பிடிக்கிறீங்கள்."

அடுத்த நாள் காலையே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் ஒரு மாதா படமும். வெளிநாட்டு விண்ணப்பம் எதுவானாலும் நிரப்பிக் கொடுப்பார். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவர் நிரப்பிய படிவத்தில்தான் விமானம் ஏறினார்கள்.

என் கதையைக் கேட்டார். மகனின் பிறப்புச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கல்யாணச் சான்றிதழ் எங்க?"

"தாலி பாங்கொக்கில கட்டினனான். கோயில்ல. படம் இருக்கு."

"படம் இருக்கட்டும் தம்பி. எழுத்து?"



எழுத்து என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பதிவாளருக்கு முன்னால் போடுகிற கையெழுத்து. வழக்கமாக அது முதலில் வரும், தாலி பிறகு வரும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எழுத்து இன்னும் அவசரமாக வரும், பொம்பிளைக்கு விசா எடுக்க வேண்டுமே. எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். எனக்கு அவளின் நாட்டில் வேலை, அவளுக்கு என் நாட்டு விசா தேவையில்லை. கோயிலில் நாள் கிடைத்தது, தாலி ஏறியது. பதிவுக்கு ஒரு நல்ல நாள் பார்ப்போம் என்றேன். ஆடி வந்தது, ஆடியில் கூடாது. பிறகு மார்கழி, அதிலும் கூடாது. பிறகு அவள் பிள்ளைத்தாச்சி, வயிற்றோடு பதிவுக் கந்தோர் ஏறவேண்டாம் என்றேன். பிறகு பிள்ளை, சத்தி, பேதி, காய்ச்சல். கொழும்புக்கு வந்தபோது ஒரு ஹோட்டல் குசினியில் அவளுக்கு வேலை விசா கிடைத்துவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம். கல்யாணம் கட்டிக்கொண்டு வாழ்கிறவனுக்குக் எழுத்து வைக்காதது நினைவில் இருக்குமா?

"எழுத்து வைக்கேல்லை," என்றேன்.

"இத்தன வருஷமாவா?" பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வந்து பாரு. இந்தத் தம்பி இன்னும் கல்யாணமே கட்டல்ல!"

அந்த அம்மா தேத்தண்ணியோடு வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனா.

"எங்க ஆட்களுக்கு இந்தக் கரைச்சல் இல்ல," என்றார். "சர்ச்ல கட்டினா ஃபாதரே புத்தகத்தில கையெழுத்து வாங்கிடுவார். கடவுளும் கவர்மென்டும் ஒரே மேசையில. உங்களுக்கு மேசை வேற வேற. தாலிய ஸ்கேன் பண்ணி லண்டனுக்கு அனுப்ப ஏலுமா, சொல்லுங்க?"

பிறகு விளக்கினார், பொறுமையாக, ஒரு விரலால் மேசையில் தட்டித் தட்டி. மகன் பிறந்த காலத்துச் சட்டப்படி, தாய் தகப்பன் பதிவுத் திருமணம் செய்யாவிட்டால் தகப்பனின் பிரிட்டிஷ் குடியுரிமை பிள்ளைக்குத் தானாகப் போகாது. பிறகு சட்டம் மாறிவிட்டது, ஆனால் அவன் மாறுவதற்கு முன்னால் பிறந்தவன். இருந்தாலும் கதவு பூட்டுப்படவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளலாம். தகப்பன் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும். கிடைத்தால் ஒரு விழாவில் சத்தியப் பிரமாணம் செய்யவேண்டும்.

"இப்பவே எழுத்தை வைக்கட்டா?"

"வேணாம், வேணாம். இப்ப வச்சா பேப்பர் எல்லாம் குழம்பும். முடிவு வரட்டும். அதுவரைக்கும் நீங்க இளந்தாரி." சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றினார். "இன்னொன்னு சொல்றேன், கோவிக்கக் கூடாது. பிரிட்டிஷ்காரன் ஆனாலும் தாய்லாந்துக்கு அவன் தாய்லாந்துக்காரன்தான். ரெண்டு பாஸ்போர்ட் வச்சிருக்கிறவனையும் அவங்க கூப்பிடுவாங்க. போகாம விட்டா, அந்தப் பக்கம் கால் வைக்க ஏலாது."

"கால் வைக்கத் தேவையில்லை," என்றேன்.

"பிரிட்டிஷ் ஆமியும் ஆள் எடுக்குது, தெரியுந்தானே? ஆனா அங்க விரும்பினவன்தான் போவான்."

"விண்ணப்பத்தை நிரப்புங்கோ," என்றேன்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் கடுதாசிகளுக்குப் பின்னால் ஓடினேன். பிறப்புச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, முத்திரைக்கு உறுதி. பொரளையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் நானும் மகனும் அருகருகே வாயைத் திறந்துகொண்டு இருந்தோம். தாதி பஞ்சுக் குச்சியால் எங்கள் கன்னத்தின் உட்புறத்தைத் தடவினா. அவன் மூக்கு என் மூக்கு. நடக்கும்போது வலது தோள் சரிவதும் என் சரிவு. ஆனால் லண்டனுக்கு மூக்கு போதாது.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "அப்பா, ரிசல்ட் இல்லையெண்டு வந்தால் என்னை வீட்டுக்குள்ள விடுவியளோ?"

"வாடகைக்கு விடுவன்."

சிரித்தான். பிறகு, கிருலப்பனைப் பக்கம் போகிற பஸ்ஸுக்காக நிற்கும்போது, சிரிக்காமல் சொன்னான்.

"நான் சித்திரைக்குப் போறன் அப்பா. பேப்பர் வந்தாலும் போறன், வராட்டிலும் போறன்."

நான் கத்தினேன். பஸ் தரிப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். போனால் இரண்டு வருடம், அடி, உதை, வெயில், கையில் துவக்கு என்றேன். வேண்டுமானால் படிக்கிற பிள்ளை என்று காட்டித் தள்ளிப்போடலாம், கொட்டாஞ்சேனைப் பெரியவர் சொன்னவர் என்றேன்.

"தள்ளிப்போடுறது எங்கட வீட்டு வியாதி," என்றான். "நீங்கள் எழுத்தைத் தள்ளிப்போட்டியள், நான் இப்ப வாயில பஞ்சு வைச்சுக்கொண்டு நிக்கிறன்."

அடி சரியான இடத்தில் விழுந்தது. அவன் நிறுத்தவில்லை.

"பெரியம்மாவின்ர மகன் போன வருசம் சிவப்பு எடுத்தவன். ஆமிக்குப் போனான். இப்ப லீவில வந்து நிக்கிறான், உயிரோடதான். நான் போகாட்டி அம்மாவின்ர ஊருக்கு இனிப் போகேலாது. அம்மா மட்டும் தனியப் போய் வருவா. பெரியம்மா செத்தால் நான் இஞ்ச இருந்து ஃபோனில பாக்கவோ? அப்பப்பாவின்ர செத்தவீட்டுக்கு வரேலாமப் போனதை எத்தினை தரம் சொல்லியிருக்கிறியள்?"

உண்மை. என் அப்பா இறந்த வாரம் என் குடியுரிமை விண்ணப்பம் லண்டனில் ஒரு கந்தோரில் கிடந்தது, பாஸ்போர்ட்டும் அதோடு கிடந்தது. பொரளைக் கனத்தைச் சுடலையில் என் தம்பிதான் கொள்ளி வைத்தான். நான் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று, காசு முடிய முடியப் போட்டுக்கொண்டு, மறுமுனையில் மேளச் சத்தத்தைக் கேட்டேன். ஒரு கதவைத் திறக்க இன்னொரு கதவை அறைந்து சாத்துவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் பிள்ளைக்கும் அதே கதவைப் பூட்டப் பார்த்தேன்.

பஸ் வந்தது. ஏறினோம். வெள்ளவத்தையில் இறங்கும்போது சொன்னேன்: "பேப்பரையும் விடமாட்டன். அதையும் எடுப்பம்."

"எடுங்கோ. அதுவும் என்ரதானே."

அன்றிலிருந்து எங்கள் பிடிவாதம் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியது. அவன் காலையில் கடற்கரைத் தண்டவாள ஓரமாக ஓடினான், பம்பலப்பிட்டிவரை, திரும்பி. தாயிடம் இருந்து அவளின் மொழியில் ராணுவத்துக்குத் தேவையான சொற்களைப் படித்தான். எழும்பு, இரு, வரிசை, ஐயா. குசினிக்குள் அவள் கட்டளையிடுவாள், இவன் குந்துவான், எழும்புவான். நான் கொட்டாஞ்சேனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன்.

பங்குனி நடுவில் லண்டனில் இருந்து மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மூன்று மாதத்துக்குள் கொழும்பில் நடக்கிற விழாவில் சத்தியப் பிரமாணம் செய்தால் அவன் பிரிட்டிஷ் குடிமகன். விழாத் திகதி பின்னர் அறிவிக்கப்படும். நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. ஓடிவிட்டு வந்திருந்தான். தாய்லாந்து டிக்கெட்டை ரத்துச் செய்வோமா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு என் பலம் முழுவதும் வேண்டியிருந்தது.

தாயும் மகனும் போனார்கள். என்னை வரவேண்டாம் என்றான்.

"நீங்கள் அழுவியள். அம்மா அழமாட்டா."

சீட்டு எடுக்கிற நாள் காலையில் நான் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு ஃபோனைப் பார்த்தேன். பெரியம்மா வீடியோவில் காட்டினா. கூரை போட்ட ஒரு பெரிய மண்டபம், விசிறிகள், பிளாஸ்டிக் கதிரைகள், குடும்பம் குடும்பமாகச் சனம், ஐஸ் பெட்டியோடு வியாபாரம். பிள்ளைகள் சட்டையில்லாமல், மார்பில் மையால் எழுதிய எண்ணோடு வரிசையில் இருந்தார்கள். ஒவ்வொருவனும் எழும்பிப் போய், வெறுங்கையை விரித்துக் காட்டி, பெட்டிக்குள் விட்டான். கறுப்பு வந்த ஒருவன் நிலத்தில் விழுந்து உருண்டான். சிவப்பு வந்த ஒருவனின் காதலி கதிரையோடு சரிந்தாள். சனம் இரண்டுக்கும் கைதட்டியது.

என் மகன் எழும்பினான். வலது தோள் சரிய நடந்தான். கையை விரித்தான், விட்டான், எடுத்தான். மைக்கில் ஒருவர் ஏதோ கத்தினார். அந்தக் கத்தலில் ஒரு சொல் மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கியது.

சிவப்பு.

வீடியோ ஆடியது, கூரையைக் காட்டியது, யாருடையவோ செருப்பைக் காட்டியது. விசும்பல் கேட்டது. அழமாட்டா என்று அவன் சொன்ன அந்த அம்மாதான் அழுதாள். நான் அழவில்லை. "அவனிட்டக் குடுங்கோ ஃபோனை," என்று கத்தினேன், திரும்பத் திரும்ப. கடைசியில் அவன் முகம் வந்தது, வியர்த்து, சிரித்தும் சிரிக்காமலும்.

"மே மாதம் போகோணும் அப்பா. சத்தியப் பிரமாண அலுவலை நீங்கள் பாருங்கோ."

பார்த்தேன். விழாத் திகதி ஜூனில் விழுந்தது, அவன் முகாமுக்குள் இருக்கிற நேரம். திகதியை நீடிக்கச் சொல்லி எழுதலாம், தகுந்த காரணம் வேண்டும். மறுபடி கொட்டாஞ்சேனை. பெரியவர் கணினியைத் திறந்தார். மகனின் பெயரில் கடிதத்தின் தொடக்கத்தை அடித்தார், நிறுத்தினார்.

"காரணம் படிப்புன்னு போடுவமா? வேற நாட்டு ஆமின்னு போட்டா கேள்வி மேல கேள்வி வரும். சில நேரம் முழுசையும் திரும்பப் பார்ப்பாங்க. அவ்வளவு பாடுபட்டு எடுத்தது, தம்பி."

அவர் சொன்னது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. விசிறிக் காற்றில் மேசைத் தாள்கள் படபடத்தன. வெளியே ஒரு ஓட்டோக்காரன் சிங்களத்தில் யாரையோ ஏசினான். முகாமில் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் மட்டும் எடுக்கலாம். போன ஞாயிறு எடுத்தபோது அவன் மூன்று விஷயம் சொன்னான். தலை மொட்டை, காலில் கொப்புளம், சாப்பாடு உறைப்பு, அம்மாவின் உறைப்பைப் போல. பிறகு கேட்டான்: "கடிதம் அனுப்பிட்டியளோ? ஒண்டும் மறைச்சு எழுதாதேங்கோ."

"கதிரையைத் தாங்கோ அண்ணை," என்றேன். "நானே அடிக்கிறன்."

பெரியவர் எழும்பி இடம்விட்டார். எனக்கு விசைப்பலகையில் இரண்டு விரல்தான் ஓடும். இரண்டு விரலாலும் அடித்தேன்: நான் எனது தாயின் நாட்டில் கட்டாய ராணுவ சேவையில் இருக்கிறேன். சேவை முடியும்வரை என்னால் சமுகமளிக்க முடியாது. முடிந்ததும் வந்து சத்தியம் செய்வேன்.

பெரியவர் பின்னால் நின்று வாசித்தார். ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. தாய்லாந்துக் கச்சேரி கொடுத்த அழைப்புக் கடுதாசியின் படத்தை இணைத்தேன். அனுப்பினேன்.