கட்டிலின் மறுபக்கம்

என் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதைவிட வேகமாக வேலை செய்வது அவள் வாய். "கண்ணாடி எல்லாத்தையும் காட்டாது, கழுத்தத் திருப்பிப் பாருங்க" என்று பெரிய மீசைக்காரர்களையே மிரட்டுவாள். அப்படி மிரண்டவர்களில் ஒருவர்தான் எங்கள் மாப்பிள்ளை. தேர்வில் பலமுறை கோட்டைவிட்டு, கடைசியில் லைசென்ஸையும் அவளையும் ஒரே வருடத்தில் வாங்கிக்கொண்டார். லைசென்ஸ் அன்று முதல் பர்ஸில் தூங்குகிறது.

குழந்தை பிறந்த சில நாளில் அவளுக்குத் தூக்கம் அடியோடு போயிற்று. பாலில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று குழந்தையைப் போர்வைக்குள் ஒளித்துவைத்தாள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் மனநோய், குணமாகிவிடும் என்று மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டு ஊசி போட்டார்கள். பயம் குறைந்தது, தூங்கினாள்.

நர்ஸ் மாப்பிள்ளையிடம் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: "கழுத்தோ தாடையோ இழுத்துப் பிடிச்சா உடனே கூப்பிடுங்க." அவரும் தலையாட்டியிருக்கிறார், செல்போனைப் பார்த்தபடி. சார்ஜ் போடும் பிளக் கட்டிலின் வலது பக்கம் இருந்தது. அதனால் அவரும் அங்கே, அவருடைய அக்காவும் அங்கே, தொட்டிலும் அங்கே. ஒரு குடும்பமே ஒரு பிளக்கை நம்பிக் குடித்தனம் நடத்தியது.

மறுநாள் வேலை முடிந்து நான் போனபோது, அந்த அக்கா குழந்தையின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேர்ந்து கொழந்தைய நீட்டுறேன். அந்தப் பக்கமே திரும்பிப் படுத்திருக்கா. பெத்தவளுக்கே வேண்டாம்னா நாங்க வளத்துக்குறோம்."

"அக்கா வீட்லயே வளரட்டும்னு முடிவு பண்ணியாச்சு," என்றார் மாப்பிள்ளை. பயிற்சிக் காரில் சிக்னலில் பச்சை விழுந்தாலும் கிளம்பலாமா என்று கேட்டவர் இவர்.

நான் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனேன். நாலு எட்டுகூட இல்லை. அவள் கழுத்து பிழிந்த துணிபோல முறுக்கிக்கிடந்தது. தாடை பூட்டியிருந்தது. எச்சிலும் கண்ணீருமாகத் தலையணை நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சார்ஜரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நர்ஸைக் கூப்பிட ஓடியதால் அது பிழைத்தது.

நர்ஸ் டாக்டரைக் கேட்டு வேறு ஊசி போட்டார். "கோவமும் இல்ல, நடிப்பும் இல்ல. சிலருக்கு மருந்து சதைய இப்படி இழுத்துடும். சொல்லித்தானே வச்சேன்?"

மாப்பிள்ளை சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார்.

அரை மணி நேரத்தில் தாடை இளகியது. கழுத்தும் மெல்லத் திரும்பியது.

"கழுத்து சரியாயிடுச்சு. மனசு?" என்றாள் அந்த அக்கா, பையைக் கீழே வைக்காமலே.

"அத டாக்டர் சொல்வாரு. அதுவரைக்கும் கொழந்த இங்கதான், நானும் இங்கதான்," என்றேன்.

தங்கை தொட்டிலைப் பார்த்துக் கைகளை நீட்டினாள். குழந்தையைத் தூக்கிக் கொடுத்து அடியில் நான் தாங்கிக்கொண்டேன். குழந்தை மார்பில் அடங்கியதும் கணவன் பக்கம் திரும்பினாள். நாக்கு இன்னும் தடித்திருந்தது. ஆனால் அது பயிற்சிக் காரில் கேட்கும் குரல்தான்.

"கழுத்தத் திருப்பிப் பாருங்கன்னு எத்தன தடவ சொல்லிக்குடுத்தேன். என் கழுத்து திரும்பல. உங்களுக்கு என்ன கேடு?"